ரேணுகா துணி காயப்போட்ட சுவர்

கண்ணு,

வீட்டை விற்றுவிடச் சொல்லி நீ எழுதியது ஆடி மாதமே வந்து சேர்ந்தது. நாலைந்து வரிதான். எனக்கு அந்த வீடு வேண்டாம், யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு உடுமலைப்பேட்டைக்குப் போய்ச் சித்தியோடு இருங்கள் என்று எழுதியிருந்தாய். இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. பதில் எழுதுவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அது போன வாரம்தான் முடிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். புனேயில் உனக்கு என்றைக்கு லீவோ அன்றைக்கு, சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படி. நடுவில் ஓரிடத்தில் மடித்து வைத்துவிடலாம் என்று தோன்றும். வைத்துவிடாதே. நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

நீ சொன்னபடி வீட்டை விற்கத்தான் பார்த்தேன். பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தர் சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் இவர்களோடு வந்து இருக்கப்போகிறாராம். பெண் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வந்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் நின்றாள். மேலே தளம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "மழைக்கு இங்க ஒரு கொடி கட்டிக்கிட்டா தோதா இருக்குமில்லீங்கம்மா?" என்று தன் அம்மாவிடம் கேட்டபடி சுவரில் கையை வைத்தாள். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்தப் பக்கத்து லைனைத் துண்டித்து மூன்று வருஷமாகிறது, அங்கே கரண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை தானாகப் போய்விட்டது. மூன்று பேரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். அவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலம் நடையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். நான் வாயைத் திறக்காமல் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடி வந்த அன்றைக்கே, சமையலறையில் லைட் எரியவில்லையே என்று யாரையாவது கூப்பிட்டு அந்த லைனைச் சேர்த்திருப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் அந்தப் பெண் கொடி கட்டியிருப்பாள். விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, அந்தச் சுவரை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும்தான். ஆனால் நீ இங்கிருந்து கொண்டுபோனது உனக்குத் தெரிந்த பாதியை மட்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது நம் தெருவில் எல்லார் வீட்டிலும் சுவருக்கு மேலேதான், மரச்சட்டத்தில் வயர் ஓடும். எலி கடித்தாலும் கண்ணில் படும். ஃபவுண்டரியில் வேலை முடித்து வந்து, பூசாத சுவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: "நம்மூட்ல ஒரு வயரு கண்ணுல தெரியக்கூடாது. அல்லாம் செவுத்துக்குள்ள போயிரோணும்." கான்ட்ராக்டர் ஆள் விட்டுச் சுவரைக் கொத்தி, பிளாஸ்டிக் பைப்பைப் பதித்து, அதற்குள் வயரை ஓட்டிப் பூசி மூடினார். எந்தப் பைப் எந்த வழியாகப் போகிறது என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களெல்லாம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அத்தனை பெருமை. அந்தப் பெருமையோடு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. மார்வலி வந்து கொண்டுபோய்விட்டது.

அதற்கப்புறம்தான் ரேணுகா மருமகளாக நம் வீட்டுக்கு வந்தாள். காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கிறவருடைய ஒரே பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவள் விரல்கள் தொடைமேல் டைப் அடித்துக்கொண்டிருக்கும். டிவியில் செய்தி வாசித்தால் கூடவே அடிப்பாள். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். அவள் வந்த பிறகுதான் நீ ஷிஃப்ட் முடிந்ததும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். எனக்கும் அவளுக்கும் சண்டை வரும், இல்லையென்று சொல்லமாட்டேன். நான் ரசத்தில் வெல்லம் போடுவேன், அவளுக்கு அது ஆகாது. அதேபோல, துணியில் ஈரவாடை இருந்தால் அவளால் பொறுக்கமுடியாது. மழை நாளில் உன் பேன்ட்டைத் தேய்த்துத் தேய்த்தே காயவைப்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. நடையில் ஒரு கொடி வேண்டும் என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தூணில் ஒரு ஆணியும் சுவரில் ஒரு ஆணியும் அடித்தாய். "இன்னுங் கொஞ்சம் மேலங்க மாமா, சேலை தரையில படுது" என்று அவள் சொன்னாள். நீ சுவரில் அடித்ததைப் பிடுங்கி, மேலே தள்ளி அடித்து, கம்பியை இழுத்துக் கட்டினாய். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அந்தக் கம்பியில் துணி காய்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. தளத்தில் இருந்த விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிய பிறகுதான் ஆனது. அன்று முற்பகல் நீ கம்பெனியில் இருந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டு, "என்ன கண்ணு?" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறாள். ஒரு கையில் உன் சட்டை, இன்னொரு கை கம்பியில். அவள் கத்தவில்லை. கத்த முடியவில்லை. மூங்கில் கொம்பை எடுத்து அடித்துத்தான் அந்தக் கையை விடுவித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார். வேனில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் இமையை விரித்துப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். இதற்குமேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்துப்போனால் ஆர்.டி.ஓ. விசாரித்தாக வேண்டுமாம். நல்ல சட்டம்தான். எத்தனையோ வீடுகளில் அது வேண்டியிருக்கிறது. ஆனால் அது நம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எப்படி இருந்தது என்று நீயும் பார்த்தாய். ரேணுகாவின் அப்பா ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் என்னைக் கைநீட்டி, "என்ர புள்ளயக் கொன்னுபோட்டாங்க" என்றார். மருமகளோடு சண்டை உண்டா என்று ஆர்.டி.ஓ. கேட்டார். "உண்டுங்க" என்றேன். எதற்கு என்றார். "ரசத்துல வெல்லம் போடறதுக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தெருக்குழாயில் நான் குடத்தோடு போய் நின்றால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நீயோ, யார் என்ன கேட்டாலும் "நாந்தானுங்க ஆணி அடிச்சேன்" என்று ஒன்றையே சொன்னாய். கேட்காதவர்களிடமும் சொன்னாய். கரண்ட் ஆபீசிலிருந்து வந்தவர், ஆணி வழியாகக் கொடிக்குக் கரண்ட் பாய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ஆணியின் தலையை அறுத்து எடுத்துக்கொண்டு, வீட்டின் பின்பக்கத்து லைனையும் துண்டித்துவிட்டுப் போனார். கடைசியில் விபத்து என்று முடித்தார்கள். சம்பந்தி அதை நம்பவில்லை. காரியத்துக்குக்கூட நம் வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மாதமே நீ ரயில் ஏறிவிட்டாய். நான் சிம்னி விளக்கில் சமைத்துக்கொண்டு, அம்மியில் அரைத்துக்கொண்டு, வீட்டில் பாதி இருட்டாகவே இருந்துவிட்டேன்.

இப்போது சுவரை உடைப்பது என்று முடிவான பிறகுதான் இன்னொன்று தோன்றியது. உடைத்து, வயரை மாற்றி, பூசிவிட்டால் அதன் பிறகு யாரும் எதையும் பார்க்க முடியாது. மகளைப் பறிகொடுத்தவர் அந்தச் சுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருக்குக் காட்டாமல் மூடினால், தடயத்தை மறைத்துவிட்டார்கள் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். மறுநாள் காலை காரமடைக்குப் பஸ் ஏறினேன்.

தோட்டத்துக் களத்தில் ஆட்களோடு உட்கார்ந்து கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆட்களெல்லாம் வேலையை நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். நின்றபடியே பேசினேன்.

"ஏனுங்கண்ணா, அந்தச் செவுத்த ஒடைக்கப்போறேனுங்க. வயரையெல்லாம் மாத்திப் பூசோணும். புதங்கெழம ஆளு வருதுங்க."

"அதுக்கு?"

"பூசிப்போட்டா பொறவு ஆரும் பார்க்க முடியாதுங்க. நீங்க ஒருக்கா வந்து பார்த்துப்போடுங்க. நீங்க பார்த்தப்பறந்தான் மூடுவேன்."

கையிலிருந்த கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். "என்னத்தப் பார்க்கச் சொல்றீங்க? என்ர புள்ள செத்த எடத்தயா?"

"ஆமாங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நீங்க வரலீன்னா அது ஒடைச்சாப்பலயே கெடக்கட்டுங்க. நா மூடமாட்டேன்."

அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். ஆட்கள் குனிந்துகொண்டார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்ததே எனக்கு நினைவில்லை.

நம் ஊரில் எலக்ட்ரீஷியன் இரண்டு பேரைக் கேட்டிருந்தேன். அந்த வீடா என்று இரண்டு பேருமே நழுவிவிட்டார்கள். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து அன்வர் என்பவரைச் சித்திதான் தேடிப்பிடித்து அனுப்பினாள். உன் வயசுதான் இருக்கும். வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். மெயினை அணைத்து, ஃபீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கற வரைக்கும் நீங்க பயப்படாதீங்கம்மா" என்றார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். அந்த நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. சம்பந்தி நின்றிருந்தார். முன்வாசல் வழியாக வராமல், பக்கத்துச் சந்து வழியாகவே பின்னால் வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். தலை அறுபட்ட ஆணி காரையில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்வர் கொத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "இக்கட்ட குடுங்க" என்று சம்பந்தி கையை நீட்டினார். அன்வர் என்னைப் பார்த்தார். கொடுங்கள் என்று தலையசைத்தேன். சம்பந்தி உளியை வாங்கி அடித்த அடியில் காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. கண், மூக்கெல்லாம் தூசி. உள்ளே வெள்ளைப் பைப் தெரிந்ததும் அன்வர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மீதியைத் தானே விரலால் தள்ளித் தள்ளித் துடைத்தார்.

நீ மடித்து வைக்க நினைக்கிற இடம் இதுதான். படி. சுவிட்ச் போர்டிலிருந்து பைப் நேராக மேலே போய், தளத்தின் ஓரமாகத் திரும்பியிருக்க வேண்டும். இது போர்டிலிருந்து குறுக்காகச் சாய்ந்து குளியலறைக்குப் போயிருந்தது. பைப்பும் வேலையும் மிச்சம் என்று எவனோ அப்படிப் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். நீ அடித்த ஆணி அந்தப் பைப்பின் பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. சிவப்பு வயரின் மேல்தோல் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கறுத்துப்போயிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு இடம். அவ்வளவுதான் கண்ணு.

சம்பந்தி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அன்வரிடம் கேட்டார். "ஏனுங்க, நீங்க இந்த வேலை தெரிஞ்சவரு. இந்த எடத்துல ஆணி அடிச்சா வயருல படும்னு அடிக்கறவனுக்குத் தெரியுமுங்களா?"

அன்வர் போர்டையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். "போர்டுக்கு நேர் மேல நா அடிக்கமாட்டேனுங்க. அங்கதான் பைப்பு இருக்கும்னு தெரியும். இந்த எடத்துல..." ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த எடத்துல நானும் அடிச்சிருப்பேனுங்க."

"ஃபீஸ் ஏனுங்க போகலை?"

"ஒரு ஆளு ஒடம்புல பாயற கரண்டு ஃபீஸை உருக்கறதுக்குப் பத்தாதுங்கய்யா. ஆளைக் கொல்லப் பத்தும்."

சம்பந்தி அப்படியே கீழே, உடைந்து கிடந்த காரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு, அந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக, தானாக என்னிடம் பேசினார்.

"அந்தக் கம்பி எங்கூட்டுக் கம்பிங்க, அம்மணி."

எனக்குத் தெரியும். அவள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது பைக்குள் சுருட்டிக் கொண்டுவந்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். நாம் இரண்டு பேருமே விசாரணையில் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"தோட்டத்துப் பந்தலுக்கு வாங்குனதுல மிச்சமுங்க. கொடி கட்டோணும், கயிறு இருந்தாக் குடுங்கப்பான்னு கேட்டா. கயிறு தொஞ்சு தொங்கிப்போகும் கண்ணு, கம்பிதான் நல்லதுன்னு நாந்தான் சொன்னேன். துரு இல்லாததாப் பார்த்து எடுத்து, கையில குத்தாம நுனிய மடக்கிக் குடுத்தேன். ஸ்டேஷன்ல மேசை மேல போட்டு வெச்சிருந்தாங்க. நா மடக்குன நுனி அப்படியே இருந்துச்சுங்க." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நீங்க கொன்னீங்கன்னு ஆயிப்போச்சுன்னா அந்தக் கம்பிய நா நெனைக்க வேண்டியதில்லீங்க. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நெசமாவே நம்பிப்போட்டேன்."

என்றைக்காவது அவர் வந்து மன்னிப்புக் கேட்டால் இன்னின்ன சொல்ல வேண்டும் என்று நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனால் கோபம் வந்தது. குழாயடியில் நான் தனியாக நின்றதெல்லாம் அவருடைய அந்த ஒரு வார்த்தையால்தான். அந்தக் கோபம் இப்போது முழுசாகப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார், நான் கோபத்தோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அன்வர் இரண்டு பேரையும் பார்க்காமல் பழைய வயரை உருவிக்கொண்டிருந்தார்.

வேலை அன்றைக்கு முடியவில்லை. அந்தக் குறுக்குப் பைப்பை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு, போர்டுக்கு நேர் மேலே புதிதாகப் பள்ளம் கொத்தி, புதுப் பைப் பதித்தார் அன்வர். மெல்லிய இரும்புக் கம்பியை அதற்குள் விட்டு, நுனியில் புது வயரைக் கட்டி இழுத்தார். மற்ற அறைகளிலும் இப்படி ஓடியிருக்கிறதா என்று ஒவ்வொரு சுவராகச் சோதித்ததில், உன் அறையிலும் ஒரு பைப் குறுக்கே போயிருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். தளத்து விரிசலைக் கொத்தனாரை வைத்து அடைத்தேன். இந்த வீட்டுக்கு ஒழுங்கான எர்த்தே இல்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, மறுநாள் காலை சம்பந்தி தோளில் மம்பட்டியோடும் கடப்பாரையோடும் வந்து நின்றார். கூப்பிடவில்லை, அவரே வந்தார். பின்னால் பொடக்காலியில் ஆள் இடுப்பு மறைகிற ஆழத்துக்குத் தன் கையாலேயே குழி வெட்டினார். கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கியபோது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தார். மத்தியானம் தான் கொண்டுவந்த தூக்குப்போசிச் சோற்றை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றார். நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மெயினுக்குப் பக்கத்தில் அன்வர் ஒரு ட்ரிப் சுவிட்ச்சும் வைத்திருக்கிறார். கரண்ட் எங்காவது கசிந்தால், அது ஆளைக் கொல்வதற்கு முன்னால் தானாகவே அணைந்துவிடுமாம். நீ இருக்கிற வீட்டில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே கேள். இல்லையென்றால் வைக்கச் சொல். வாடகை வீடுதானே என்று விட்டுவிடாதே. துணிக்குக் கம்பி கட்டாதே, பிளாஸ்டிக் கயிறு கட்டு. சுவரில் எதை மாட்டுவதாக இருந்தாலும் வயர் எப்படிப் போகிறது என்று தெரிந்தவனைக் கேட்டுவிட்டு மாட்டு. இதெல்லாம் உனக்கு இனிமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். அம்மா என்றால் சொல்லத்தான் செய்வாள்.

மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. புதுப்பூச்சுக்குத் தண்ணீர் விட்டு விட்டுச் சுவர் சொதசொதவென்று ஊறியிருந்தது. நடையிலும் தண்ணீர் நின்றது. அன்வர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஃபீஸ் கட்டைகளைச் சொருகி, "நீங்களே மெயினைப் போடுங்கம்மா" என்றார். நான் சுவிட்ச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். "கொஞ்சம் இருங்க" என்று நடையிலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்று, முன்பு ஆணி இருந்த இடத்தில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அது வேண்டாங்க. டெஸ்டர் வெச்சுப் பார்த்தாப் போதும்" என்று அன்வர் பதறினார்.

"என்ர புள்ள நின்ன எடம். போடச் சொல்லுங்க."

"கையை எடுங்கண்ணா. நா போடமாட்டேன்" என்று கத்தினேன்.

"அம்மணி, போடுங்க. இன்னொருத்தரு புள்ள இந்த ஊட்டுக்கு வாரதுக்கு முன்னால நா வெச்சுப் பார்க்கோணும்."

எனக்குக் கை எழவில்லை. இந்த வீட்டில் இன்னொரு உயிர் போனால் அது என் கையால் போனதாகத்தான் இருக்கும். அன்வர் அருகில் வந்து, "நா எல்லாம் பார்த்துட்டேனுங்கம்மா. ஒன்னும் ஆகாது" என்று மெதுவாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். திறந்து பார்த்தபோது நடையில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தி நின்ற நிலையிலேயே நின்றிருந்தார். கையை எடுக்கவில்லை. நெற்றியையும் அந்த ஈரச் சுவரில் சாய்த்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அன்வர் வெளியே போய்விட்டார். என் மனசுக்குள் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் அவர் சமையலறை வாசலுக்கு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த ஆணி உன்னுடையதுதான், கண்ணு. சுவருக்குள் வேறு ஏதாவது இருக்கும், உனக்கு வேறு மாதிரி எழுதலாம் என்று எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. உன் ஆணிதான் அந்த வயரைக் கிழித்தது. ஆனால் குறுக்கே பைப்பை ஓட்டியது நீ இல்லை. கம்பியைக் கொடுத்தது நீ இல்லை. எர்த் இல்லாத வீட்டை நீ கட்டவில்லை, விரிசலில் தண்ணீர் இறங்கியதும் உன்னால் இல்லை. தெரிந்தே கெடுதல் செய்தவர்கள் இதில் ஒருவரும் இல்லை. உன் பங்கை நீ வைத்துக்கொள். அதை யாரும் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. மற்றவர்கள் பங்கையும் நீயே தூக்கிக்கொண்டு போய்ப் புனேயில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறாயே, அதைத்தான் இறக்கி வை என்கிறேன். அவர்களுக்கும் அவரவர் பங்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது. உனக்கு இனி ஒரு கல்யாணம் அமைந்தால் அந்தப் பெண்ணிடம் இதை முதலிலேயே, நீயே சொல்லிவிடு. ஊரார் சொல்லி அவள் கேட்கும்படி வைத்துவிடாதே.

வீட்டை நான் இப்போதைக்கு விற்கவில்லை. யாராவது வந்து கேட்டால் நடந்ததைச் சொல்லித்தான் விற்பேன், அதனால் அது லேசில் விற்காது. கிளம்பும்போது சம்பந்தி கேட்டார், "மாப்பளைக்கு எழுதுவீங்களா?" எழுதுவேன் என்றேன். "கம்பி சமாச்சாரத்தையும் எழுதிப்போடுங்க. ஆரு படிச்சாலும் எனக்கு ஒன்னுமில்லீங்க. நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒருக்கா அவரப் பார்க்கோணும்" என்றார். அவர் அதைக் கேட்டது எனக்காக இல்லை, ஆறுதல் சொல்வதற்காகவும் இல்லை. அவளைப் பற்றிப் பேச அவருக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

லீவு கிடைத்ததும் வா. கோயமுத்தூரில் இறங்கி மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஏறு. நம் ஊர் பெரியநாயக்கன்பாளையத்தில் வண்டி நிற்கும்போது இறங்காதே. நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன், எட்டிப் பார்க்காதே. நேராகக் காரமடைக்குப் போ. எந்த நாள் என்று எழுதினால் அவருக்குச் சொல்லிவிடுகிறேன், பிளாட்பாரத்தில் நிற்பார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போகாதே, அவருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு. அதற்கப்புறம் என்னைப் பார்க்க வந்தால் போதும்.

அம்மா